கண்டதும் கருதியதும்: தேனீ வளர்ப்போரின் குறிப்பேடு



குறுந்தொகையின் இரண்டாம் பாடலை அறியாதவர் இவ்வவையில் இருக்க இயலாது. பூந்தாது தேடித் திரியும் தும்பியிடம் தலைவன் ஒரு வினாவை எழுப்புகிறான். எழுப்புமுன் ஒரு நிபந்தனையையும் விதிக்கிறான். தன் மனத்துக்கு இனிக்கும்படி அது பேச வேண்டியதில்லை. அது அறிந்தது எதுவோ அதைச் சொன்னால் போதும். நலம் பாராட்டும் துறையில் இப்பாடலை வைத்து உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். அது பொருத்தமே. எனினும் அந்த நிபந்தனையை மட்டும் தனியே எடுத்து நோக்கினால், அது காதல்மொழியாகத் தோன்றாது. சாட்சி சொல்ல வந்தவரிடம் விதிக்கப்படும் நிபந்தனையாகவே தோன்றும்.

பிற்காலத்தில் தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்கத் தொடங்கிய மனிதன், தும்பிக்கு விதிக்கப்பட்ட அதே நிபந்தனையைத் தனக்கே விதித்துக்கொள்ள நேர்ந்தது. அவன் விடை எழுதும் இடம் நாலணா நோட்டுப் புத்தகம். பெட்டியைத் திறந்த நாள், பொழுது, வெயிலா மேகமா என்பது, எத்தனை அடைகளில் தேனீக்கள் மொய்த்திருந்தன, முட்டை உண்டா, புழு உண்டா, மூடிய அறைகள் எத்தனை, தேனும் மகரந்தமும் எவ்வளவு, அன்று செய்த வேலை என்ன. இவ்வளவே அதன் உள்ளடக்கம். கவிஞர் கூடும் அவையில் தேனீப் பெட்டிக் கணக்குக்கு என்ன இடம் என்று எவரேனும் புன்னகை புரியலாம். ஆனால் ஒரு சொல் பிசகினால் ஓர் உயிர்க்கூட்டம் அழியக்கூடிய எழுத்து வகைகள் உலகில் அதிகம் இல்லை. அவற்றுள் இதுவும் ஒன்று.

அது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒருவர் பெட்டியைத் திறந்து அடைகளை ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்க்கிறார். பல்லாயிரம் தேனீக்களுக்கு நடுவே ராணி கண்ணில் படவில்லை. மாலையில் குறிப்பேட்டில் 'ராணி இல்லை' என்று எழுதுகிறார். ஒரு வாரம் கழித்து அக்குறிப்பைப் படிக்கும் அவரோ, அவர் மகனோ, வேறொரு ராணியைக் கொண்டுவந்து அப்பெட்டியில் விடுகின்றனர். உள்ளே பழைய ராணி இருந்தால் பணித்தேனீக்கள் புதியதைப் பந்துபோல் சூழ்ந்து கொன்றுவிடும். அன்று உண்மையில் அவர் எழுதியிருக்க வேண்டியது 'ராணியைக் காணவில்லை' என்பது. 'இல்லை' என்பது கருதியது. 'காணவில்லை' என்பது கண்டது. இரண்டுக்கும் உள்ள தூரம் தமிழில் சில எழுத்துகளே. பெட்டிக்குள் அது ஓர் உயிரின் தூரம்.

தேர்ந்தவர்கள் ராணியைத் தேடிக்கொண்டே இருப்பதில்லை, முட்டையைப் பார்க்கிறார்கள். இடப்பட்ட முதல் நாளில் முட்டை அறையின் அடியில் செங்குத்தாக நிற்கும், பின்னர் சாயும், மூன்றாம் நாளில் படுத்துவிடும். ஆகவே 'முட்டை நிற்கிறது, அறைக்கு ஒன்று' என்ற குறிப்பு, ராணியைக் கண்ணால் காணாமலே அது அண்மையில் அங்கு இருந்ததைச் சொல்லிவிடும். 'அறைக்கு ஒன்று' என்ற இரு சொற்களை விட்டுவிடலாகாது. ராணியை இழந்த கூட்டில் பணித்தேனீக்களுள் சில முட்டையிடத் தொடங்கும். ஓர் அறையில் இரண்டு மூன்று எனவும், அறையின் பக்கச் சுவரிலும் இடும். அவற்றிலிருந்து ஆண் தேனீக்களே வெளிவரும். அக்கூடு தேய்ந்து மறையும். முட்டை கண்டதாக மட்டும் எழுதி, எண்ணிக்கையை எழுதாதவர் நோயாளியின் நாடி துடிக்கிறது என்று மட்டும் எழுதிய மருத்துவரைப் போன்றவர்.

கண்டதையும் கருதியதையும் பிரித்து வைக்கும் இப்பயிற்சியை உலகுக்குக் காட்டியவர் கண்பார்வை அற்ற ஒருவர் என்பது வியப்பைத் தரும் செய்தி. சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவாவில் 1750இல் பிறந்த பிரான்சுவா யூபேர், பதினைந்து வயதளவில் பார்வை மங்கத் தொடங்கி, பின்னர் அதை முற்றும் இழந்தவர். பாரிசின் மருத்துவர்களும் கைவிட்டனர். அவரை விரும்பிய மரி எமே லுலேன் என்ற பெண்ணுக்குத் தந்தை மணத்துக்கு இசையவில்லை. சட்டப்படி தன் விருப்பில் மணக்கும் வயது வரும்வரை காத்திருந்து, 1776இல் அப்பெண் யூபேரை மணந்தார். வாழ்நாள் முழுதும் அவருக்கு வாசிப்பவராகவும் எழுதுபவராகவும் இருந்தார். இக்காதலைப் பாட ஒரு தமிழ்க் கவிஞர் முன்வருவாரானால் தகும். இங்கு அதை நிறுத்தி, அவ்வீட்டுப் பணியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் பிரான்சுவா பூர்னேன்ஸ். வோ பகுதியின் உழவர் குடியில் பிறந்தவர். யூபேரின் ஏவலாளராக வந்தவர். ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் தேனீக்களைப் பற்றி எழுதிய பகுதிகளை அவர் எசமானுக்குப் படித்துக் காட்டினார். படிக்கும்போது அவர் கேட்ட கேள்விகளில் ஒரு கூர்மை இருப்பதை யூபேர் உணர்ந்தார். ஆயினும் உடனே நம்பிவிடவில்லை. ரெயோமூர் செய்த சோதனைகளையே பூர்னேன்சைக் கொண்டு மறுபடி செய்யச் சொல்லி, கண்டதை விவரிக்கச் சொன்னார். பழைய அறிஞர் கண்டவற்றோடு பணியாளர் சொன்னவை ஒத்து வந்தன. அதன்பின்னரே புதிய கேள்விகளுக்குப் போனார். பிறர் கண்ணைத் தன் கண்ணாக்கிக்கொள்ளுமுன் அக்கண்ணைச் சோதித்துப் பார்த்த இச்செயலை நம்பிக்கையின்மை என்று சொல்வது தவறு. எழுதப்போகும் சொல்லுக்கு அவர் அளித்த மரியாதை அது.

அவர் அமைத்த கூடு புத்தக வடிவினது. ஒவ்வொரு மரச்சட்டத்திலும் ஓர் அடை. சட்டங்கள் கீல்களால் இணைக்கப்பட்டவை. ஏட்டைப் புரட்டுவதுபோல் அடைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி இருபுறமும் பார்க்கலாம். பூர்னேன்ஸ் அதைப் படித்தார்; யூபேர் கேட்டார். ராணி கூட்டைவிட்டுப் பறந்த நேரமும் திரும்பிய நேரமும் நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டன. ராணி கூடுவது கூட்டுக்குள் அன்று, வெளியே வானில் என்பது இவ்வாறு வெளிப்பட்டது. கூடல் மூன்று வாரங்களுக்கு மேல் தாமதமானால் அந்த ராணி ஆண் தேனீக்களையே ஈனும் என்பதும் தெரிந்தது. மெழுகு மகரந்தத்திலிருந்து வருகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. தேனீக்களை அடைத்துவைத்து, தேனோ சர்க்கரையோ மட்டும் ஊட்டியபோது அவை மெழுகு உண்டாக்கின. மகரந்தம் மட்டும் ஊட்டியபோது உண்டாக்கவில்லை. ஒரு பழங்கருத்து வீழ்ந்தது.

பணித்தேனீக்கள் முட்டையிடுமா என்ற கேள்வி எழுந்தபோது பூர்னேன்ஸ் செய்தது நினைவில் நிற்கத்தக்கது. ஐயத்துக்குரிய இரண்டு கூடுகளின் தேனீக்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, நாக்கு, பின்கால், கொடுக்கு ஆகியவற்றைப் பார்த்தார். சினமுற்ற தேனீக்கள், வெறும் விரல்கள். பதினொரு நாள்கள். கண்ணுக்கு ஓய்வு தேவைப்பட்ட வேளையைத் தவிர அவர் நிறுத்தவில்லை என்று யூபேர் பதிவு செய்துள்ளார். அத்தனை உழைப்புக்கும் கிடைத்த விடை: வெளித்தோற்றத்தில் வேறுபட்ட தேனீ ஒன்றுகூட இல்லை. இந்த 'ஒன்றுகூட இல்லை' என்பதே பெறுமதி மிக்க கண்டுபிடிப்பாயிற்று. முட்டையிடுபவை சிறிய ராணிகள் அல்ல, மற்றவற்றிலிருந்து பிரித்தறிய இயலாத பணித்தேனீக்களே என்ற முடிவுக்கு அது வழிகோலியது. மேலே சொன்ன 'இல்லை'யும் ஒரு 'இல்லை'. இதுவும் ஒரு 'இல்லை'. முன்னது ஒருமுறை பார்த்து எழுதியது, பின்னது எல்லாவற்றையும் பார்த்து எழுதியது.

1792இல் வெளிவந்த நூல், சார்ல் பொன்னே என்ற அறிஞருக்கு யூபேர் எழுதிய மடல்களின் தொகுப்பாகும். அட்டையில் யூபேரின் பெயரே இருந்தது. முன்னுரையிலோ பூர்னேன்சின் உழைப்பையும் கூர்மையையும் அவர் மறைக்காமல் எழுதினார். அந்நாளைய எசமான்களிடம் எதிர்பார்க்கக்கூடிய பண்பு அன்று அது. பின்னாளில் பூர்னேன்ஸ் தம் ஊருக்குத் திரும்பி, அங்கு மதிப்புள்ள ஒரு நடுவராக விளங்கினார் என்பர். அவர் சென்ற பின் மனைவியும் மகன் பியேரும் யூபேருக்குக் கண்களாயினர். தாவரவியலாளர் தெ கந்தோல் யூபேரின் வரலாற்றை எழுதியபோது ஓர் உரையாடலைக் குறிப்பிடுகிறார். மற்றவர்கள் தங்கள் ஒரு சோடிக் கண்கள் கண்டதை எழுதிவிடுகிறார்கள். தாமோ பல சாட்சிகளைக் கேட்டு ஒப்பிட்டு எழுதுவதால் தமக்கே உறுதி அதிகம் என்று யூபேர் புன்னகையோடு சொன்னாராம். விளையாட்டாகச் சொல்லப்பட்டாலும் அதில் வலிமை இருக்கிறது.

யூபேர் பிழையே செய்யாதவர் அல்லர். ராணிக்கு வாழ்வில் ஒருமுறைக் கூடலே போதும் என்று அவர் கருதினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த ஆய்வுகள், ராணி பல ஆண் தேனீக்களோடு, பத்துக்கும் மேற்பட்டவற்றோடுகூட, கூடுவதை நிறுவின. ஆனால் அவர் குறித்த நாள்கள், நேரங்கள், ராணி திரும்பிய நிலை ஆகிய எவையும் பொய்க்கவில்லை. அவற்றின்மேல் அவர் எழுப்பிய முடிபு மட்டுமே மாறியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதியிருந்தால், பின்வந்தவர் இரண்டையும் சேர்த்தே எறிந்திருக்க நேரும்.

இத்தகைய பார்வை எளியவருக்கும் கிட்டியது அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் பாதிரியாருக்குப் பின்னரே. அதற்கு முன் வைக்கோல் கூடைகளில் வளர்த்த ஐரோப்பியர், தேன் எடுக்கக் கந்தகப் புகையிட்டுத் தேனீக்களைக் கொல்வது வழக்கமாயிருந்தது. உள்ளே நடப்பதை அறிய வேண்டுமானால் கூட்டை அழிக்க வேண்டும். அழித்தபின் எழுத எதுவும் இராது. ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் பிசினாலும் அடைக்காமல், அடையும் கட்டாமல், நடைபாதையாக விட்டுவைக்கின்றன. சட்டத்தைச் சுற்றிலும் அவ்விடைவெளியை விட்டால் சட்டம் பெட்டியோடு ஒட்டாது, எடுக்கலாம், வைக்கலாம். 1851 அக்டோபரில் இக்கருத்து அவருடைய நாட்குறிப்பில் இடம்பெற்றது. மறு ஆண்டு காப்புரிமை கிடைத்தது. இன்று உலகெங்கும் உள்ள பெட்டிகளின் பிறப்புச் சான்று ஒரு குறிப்பேட்டுப் பக்கமே.

கவிஞர் ஒருவரும் இவ்வரிசையில் உண்டு. சில்வியா பிளாத் 1962 சூனில், இங்கிலாந்தின் டெவன் பகுதிச் சிற்றூரில், தேனீ வளர்ப்போர் கூட்டத்துக்குச் சென்றதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். யார் என்ன உடுத்தியிருந்தார், எப்படிப் புகையிட்டனர், பெட்டியை எப்படித் திறந்தனர் என்ற வகையிலான உரைநடை அது. அதே ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தையொட்டிய சில நாள்களில் தேனீக்களைப் பற்றிய ஐந்து கவிதைகளை அடுத்தடுத்து எழுதினார். அவருடைய தந்தை பம்பிள் தேனீக்களைப் பற்றி நூல் எழுதிய அறிவியலாளர் என்பதும், அத்தந்தை மகளின் எட்டு வயதிலேயே மறைந்தவர் என்பதும் அக்கவிதைகளைப் படிப்போர் அறிவர். துயரத்தின் ஆழத்தை விளக்கப் பலர் முற்பட்டுள்ளனர். சூன் மாதத்து நாட்குறிப்பின் பொறுமையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தமிழ் மண்ணுக்கு வருவோம். மலைத்தேன் எடுப்பதும், பானையிலும் மரப்பொந்திலும் தேனீயைக் குடிவைப்பதும் இங்குப் பழைய வழக்கங்கள். ஆனால் ஐரோப்பியப் பெட்டி இந்நாட்டுத் தேனீக்குப் பெரிது. நியூட்டன் பாதிரியார் 1910களில் தென்னாட்டில் சிறிய பெட்டி ஒன்றை அமைத்துப் பயிற்சியும் அளித்தார். அவர் பெயராலேயே அப்பெட்டி இன்றும் வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில், அன்றைய திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள், ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் சீரமைப்பு நிலையம் தேனீ வளர்ப்பைச் சிற்றுழவர் வீடுகளுக்குக் கொண்டுசென்றது.

இந்நாட்டுத் தேனீ ஐரோப்பியத் தேனீயைப்போல் தொல்லையைப் பொறுப்பதில்லை. அடிக்கடி திறந்தால், இரை குறைந்தால், மெழுகுப்பூச்சி புகுந்தால், கூட்டம் மொத்தமாகக் கூட்டைத் துறந்து போய்விடும். எனவே இங்குக் குறிப்பேட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. சென்ற பார்வையில் கண்டது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், பெட்டியை இன்று திறக்காமல் விடலாம். ராணி அறை மூடப்பட்ட நாள் தெரிந்தால், புதிய ராணி வெளிவரும் நாளையும் கூட்டம் பிரியும் நாளையும் விரல்விட்டு எண்ணலாம். வெறும் ஆர்வத்தால் பெட்டியைத் திறப்பவரின் கையை அந்த நோட்டு தடுத்து நிறுத்தும்.

குமரி மாவட்டத்து வளர்ப்பாளர் ஒருவரின் ஓராண்டுக் குறிப்புகளைப் படிப்பவர் கவிமரபுக்கு மாறான செய்தி ஒன்றையும் சந்திப்பார். அங்குக் கிடைக்கும் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் காம்போடு கூடுமிடத்தில் இனிய நீர் சுரக்கிறது. தேனீ அதை எடுத்துத் தேனாக்குகிறது. சனவரி முடிவிலிருந்து ஏப்ரல் வரை பெட்டிகள் நிறையும். பின்னர் மழைக்காலத்தில் பஞ்சம். சர்க்கரைப் பாகு ஊட்ட வேண்டும். 'பூ' என்று எழுதப் பழகிய கை, அங்கு 'தளிர்' என்று எழுதக் கற்றது.

1991-92ஆம் ஆண்டுகளில் தென்னாட்டு வளர்ப்பாளர்களின் குறிப்பேடுகளில் வேறொரு சொல் ஏறத் தொடங்கியது. 'தாய் சாக்புரூட்' எனப்படும் நச்சுயிரி நோய் பரவியது. கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் புழு இறந்துவிடும்; தோல் பைபோலாகி உள்ளே நீர் கோக்கும்; ஊசியால் எடுத்தால் சிறு நீர்ப்பையாகத் தொங்கும். மருந்து இல்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மிகப் பெரும்பாலான கூட்டங்கள் மறைந்தன. தேனையே நம்பிய வீடுகளில் காலிப் பெட்டிகள் அடுக்கப்பட்டன. வேறு தொழிலுக்குப் போனவர்கள் பலர். இத்தாலியத் தேனீயை நாடியவர்கள் சிலர்.

ஆனால் எல்லாக் கூட்டங்களும் மடியவில்லை. நோய் கண்டும் தாங்கி நின்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அவற்றிலிருந்து பெருக்குவதே மீள்வதற்குக் கண்ட வழி. தாங்கி நின்றது எது என்பதை எப்படி அறிவது? மூன்று மாதங்களுக்கு முன் அக்கூட்டில் பைப்புழுக்கள் இருந்தனவா, அல்லது நோயே அண்டவில்லையா? இன்று வலுவாக இருப்பது பிழைத்த கூட்டமா, பழையது போனபின் அதே பெட்டியில் வந்து குடியேறிய புதுக் கூட்டமா? நினைவு இவ்விடத்தில் ஏமாற்றும். துயரக் காலத்து நினைவு இன்னும் அதிகமாக ஏமாற்றும். 'இரண்டாம் அடையில் ஏழு பைப்புழுக்கள்', அடுத்த பார்வையில் 'மூன்று', அதற்கடுத்து 'காணவில்லை' என்று தேதியோடு எழுதிய பக்கம் மட்டுமே அதற்கு விடை சொல்லும். 'நோய் தீர்ந்தது' என்று எழுதிய பக்கத்தால் பயனில்லை. தீர்ந்ததா என்பது பின்வருவோர் முடிவு செய்ய வேண்டியது.

இவ்விடத்தில் வளர்ப்போர் நடைமுறையில் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. பெட்டியின் பக்கப் பலகையில் வண்ணத்தால் எண் எழுதுவது வழக்கம். குறிப்பேடும் அவ்வெண்ணின்படியே ஓடும். ஆனால் பெட்டி மரம். கூட்டத்தின் இயல்பு ராணியின் வழியாக வருவது. கூட்டம் பிரியும்போது பழைய ராணி வெளியேறி வேறு பெட்டிக்குப் போகும்; மகள் பழைய பெட்டியில் தங்கும். பெட்டி எண்ணையே பிடித்துக்கொண்டு எழுதுபவர், தாயின் வரலாற்றை மகளின் பெயரில் எழுதிவிடுவார். ஆதலால் ராணிக்குத் தனி எண் கொடுத்து, அதன் தாயின் எண்ணையும் அருகில் எழுதி, இடம் மாறும்போது ஏட்டையும் உடன் மாற்றுவோர் உண்டு. அவர்களுடைய நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் மூன்று செய்திகள் இருக்கும்: இந்த ராணி, இவளுடைய தாய், இப்போது இருக்கும் பெட்டி. மூன்றாவதை மட்டும் பென்சிலால் எழுதுவார்கள்.